அவர் சொல்ல, நான் அறுக்க

எங்கள் ஒழுங்கையில் கோழி அறுக்கிற கை என்று இருந்தது என் கணவருடைய கை ஒன்றுதான். மற்ற வீடுகளில் ஆண்கள் இல்லாமல் இல்லை. கட்டாரில் இருக்கிறார்கள், சவூதியில் இருக்கிறார்கள், குவைத்தில் இருக்கிறார்கள். இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை பெட்டியும் அத்தருமாக வந்து இறங்கி, ஒரு மாதம் படுத்து எழும்பித் திரும்பிப் போய்விடுவார்கள். அதனால் யார் வீட்டுக்காவது விருந்து வந்தால், காலையில் ஒரு பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கக்கத்தில் ஒரு கோழியோடு எங்கள் வாசல் படலையில் வந்து நிற்பாள்.

"காக்கா இரிக்காரா?"

இருப்பார். ஒழுங்கைக்கே அவர் காக்கா, அண்ணன். வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் ஏற்றி வந்து ஏறாவூர்ச் சந்தையில் இறக்குவது அவர் தொழில். விடியுமுன் போய், வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவார். மீன் வாடை போகக் கிணற்றடியில் குளித்து, வேறு சாரன் கட்டி, பிறகுதான் கத்தியைத் தொடுவார். கோழிக்கு முதலில் ஒரு சிரட்டையில் தண்ணீர் காட்டுவார். கத்தியை அதன் கண்ணில் படாமல் தொடைக்குப் பின்னால் வைத்திருப்பார். மற்றக் கோழிகளைக் கூட்டில் அடைத்த பிறகுதான் வேலை. எங்கள் வளவின் கடைசி வாவிக்கரை. தொழுகைக்கு முகம் திருப்புகிற கிப்லாவும் அந்தப் பக்கம்தான். தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் எங்கள் கோழிகள் எல்லாம் போயிருக்கின்றன.

பிடிப்பது நான். இரண்டு செட்டையையும் முதுகோடு சேர்த்து ஒரு கையில், இரண்டு காலையும் மறு கையில். அவர் இடது கையால் தலையை மெல்லப் பின்னுக்குச் சாய்த்து, கழுத்து இறகை விலக்கி, "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்று சொல்லி ஒரே இழுவை. அவ்வளவுதான். அந்தச் சொல்லும் இழுவையும் முடிந்ததும் நான் பிடியைத் தளர்த்துவேன், அவர் கோழியை வாங்கிக்கொள்வார். மற்றவர்கள் செய்வதுபோலத் தூக்கி எறியமாட்டார். துடிப்பு அடங்கும்வரை தன் கையிலேயே வைத்திருப்பார். அதன் பிறகு எல்லாம் என் பாடு. இறகு பிடுங்குவது, காய்ந்த தென்னோலையில் வாட்டுவது, மஞ்சள் பூசிக் கழுவுவது, இரைப்பையைப் பிளந்து மணலைக் கொட்டி உள்தோலை உரிப்பது, எல்லாம்.

"வளர்க்கிறது நான், தீன் போடுறது நான், கீரியோட சண்ட புடிக்கிறது நான். ஒரு நிமிசம் கத்தி புடிச்சவருக்குப் பேர்" என்று சொல்லிக்காட்டுவேன்.

"அப்ப நீ அறு புள்ள" என்பார். சிரிப்பார். நானும் சிரிப்பேன். பெண் அறுப்பது எங்கள் ஒழுங்கையில் ஒரு பகிடிக்குச் சொல்கிற பேச்சு. மார்க்கத்தில் தடை இல்லை என்று எங்கோ கேட்டிருந்தேன், ஆனால் செய்த ஒருத்தியை நான் கண்டதில்லை.

எங்களுக்கு ஒரே மகள். எங்கள் பக்கத்து வழக்கப்படி, அவளுடைய கலியாணத்தோடு கல்வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நாங்கள் பின்னால் இருந்த குசினியையும் அதோடு ஒட்டின அறையையும் எடுத்துக்கொண்டோம். மருமகன் வந்து மகளோடு இருந்தார். கொஞ்ச நாளில் அவரும் கட்டாருக்குப் போனார். போன பிறகுதான் மகள் உண்டாகி இருப்பது தெரிந்தது.

தெரிந்த கிழமையே நான் அடை வைத்தேன். பிள்ளை பெற்ற உடம்புக்கு ஊர்க்கோழிதான் வேண்டும், அதிலும் இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டை. மிளகும் உள்ளியும் சரக்குத் தூளும் போட்டு, தேங்காய்ப்பால் விடாமல் காய்ச்சிக் கொடுத்தால்தான் உள்ளே உள்ள பச்சைப் புண் ஆறும். மகளுக்கு மாதம் நிறையும்போது குஞ்சுகளும் கறிக்கு வரவேண்டும் என்று கணக்குப் பார்த்துக் அடைக்குக் கிடந்த கரட்டிப் பெட்டையைக் கூடைக்குள் இருத்தினேன். பொரித்தது எல்லாம் நல்ல குஞ்சுகள். பருந்துக்குக் கொடுத்தது போக மிச்சம் வளவு நிறைய ஓடித் திரிந்தன.

என் கணவருக்கு அந்த நாட்களில் வேறு கதை இல்லை. நான் மகளைப் பெற்றுக் கிடந்தபோது எனக்கு நாற்பது நாளும் அறுத்தது அவர்தான். மீன் லொறியை இன்னொருவரிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்து அறுத்தார். அதையே மகளுக்கும் செய்யவேண்டும் என்பது அவருடைய ஆசை.

"என்ட புள்ளைக்கு என்ட கையால அறுத்துக் குடுக்கணும். மறுகா அல்லாஹ் என்னை எடுத்தாலும் காரியமில்ல" என்று சொன்னார்.

"வாயை மூடுங்க. புள்ளத்தாச்சி இரிக்கிற ஊட்டுல என்ன பேச்சு இது?" என்று ஏசினேன்.

மகளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. சுபஹுத் தொழுகைக்குக் கை கால் கழுவி வுளூ எடுக்கக் கிணற்றடிக்குப் போனவர் வாளியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. வாளி விழுந்தால் அவர் சும்மா இருக்கமாட்டார், கயிற்றையும் கப்பியையும் ஏசுவார். ஏச்சுக் கேட்கவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தபோது கிணற்றுக் கட்டைப் பிடித்தபடி சரிந்து கிடந்தார். வலது பக்கம் முழுவதும் செத்துப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் பாரிசவாதம் என்றார்கள்.

கையும் காலும் போனதை நான் தாங்கிக்கொண்டேன். பேச்சுப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. என் பெயர் வரவில்லை. தண்ணீர் என்று சொல்ல வரவில்லை. வாய் திறந்து, கோணி, ஒரு சத்தம் மட்டும் வரும். அவருக்கு அது தெரிந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கஞ்சிக் கரண்டியை அவர் வாய்க்குக் கொண்டு போனேன். "பிஸ்மில்லாஹ்" என்றார். ஒரு எழுத்துப் பிசகாமல், நோய் வருவதற்கு முன்பு சொன்ன அதே குரலில். கரண்டி என் கையிலிருந்து விழுந்து கஞ்சி முழுக்கப் படுக்கையில் கொட்டியது. பக்கத்துக் கட்டில்காரர் என்ன ஏது என்று எழும்பிவிட்டார். வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்த சொற்கள் சிலருக்கு அப்படித் தப்பிக் கிடக்கும் என்று டொக்டர் சொன்னார். அதைக் கேட்டு நான் வெளியே விறாந்தையில் போய் நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்தோம். அவரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் படலைக்கு நேரே இருத்துவேன். ஒழுங்கைப் பெண்கள் கோழியோடு வருவது நின்றுபோயிருந்தது. கடையில் உரித்து வெட்டிப் பையில் போட்டுத் தருகிற புறொய்லரை வாங்கிக்கொண்டு எங்கள் படலையைத் தாண்டும்போது பையை மறுபக்கக் கைக்கு மாற்றிக்கொள்வார்கள். அவர் மனம் நோகக்கூடாது என்றுதான். ஆனால் அவர் அதையும் பார்த்துவிடுவார்.

பிறகு ஒரு நாள் அவர் வாழைத் தண்டு ஒன்றை இடது கையால் வெட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். கத்தியை எப்படி எடுத்தாரோ தெரியாது. மடியில் தண்டை வைத்து, இடது கையால் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்காகத்தான் என்று எனக்கு உடனே விளங்கியது. "இருக்கிற கையையும் வெட்டிக்கப் போறீங்களா?" என்று கத்தினேனே தவிர, கத்தியைப் பறிக்கவில்லை. அதன் பிறகு தினமும் ஒரு தண்டு. குலை தள்ளின வாழை தள்ளாத வாழை என்று பார்க்காமல் நானே வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். இடது கை அவ்வளவு நல்லதில்லைதான், வலது கையால் செய்வதுதான் முறை. ஆனால் ஆண்டவன் எடுத்துக்கொண்ட கையை நாங்கள் எங்கே போய்த் தேடுவது?

மகளுக்கு ஆண் பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை, நல்ல கொழுத்த பெட்டை ஒன்றைப் பிடித்து அவர் முன்னால் கொண்டு போனேன். மகள் பிள்ளையோடு ஜன்னலடியில் படுத்திருந்தாள். கதிரையை வாவிப் பக்கம் திருப்பினேன். நான் மண்ணில் முழங்காலிட்டு, கோழியை அவர் மடிக்கு உயர்த்திப் பிடித்தேன். தலையைச் சாய்க்க அவருக்கு மறு கை இல்லை, அதையும் நானே விரலால் சாய்த்தேன்.

"பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்றார். கத்தியை இழுத்தார்.

இத்தனை வருசமும் அந்தச் சொல்லும் இழுவையும் முடிந்ததும் என் கை தானாகத் தளரும். அன்றைக்கும் தளர்ந்தது. கத்தி பாதிதான் போயிருந்தது. கோழி ஒரு உதறலில் என் கையை விட்டுப் பாய்ந்து, கழுத்தைத் தொங்கவிட்டபடி வளவைக் குறுக்கே ஓடி, கரையோரக் கண்ணாப் பற்றைக்குள் புகுந்தது. நான் பின்னால் ஓடினேன். சேற்றில் இறங்கி, வேரை விலக்கி விலக்கித் தேடிக் கண்டுபிடித்தபோது தண்ணீருக்குள் முகம் குப்புறச் செத்துக் கிடந்தது. அறுபட வேண்டியது முழுதாக அறுபடவில்லை, இனி அதை உண்ணக் கூடாது.

சேறு வழிய அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவர் கதிரையில் இருந்தபடியே கத்தியைக் கையில் வைத்திருந்தார். முகத்தின் ஒரு பாதிதான் அழுதது. மறு பாதி ஒன்றும் நடக்காததுபோல இருந்தது. ஜன்னலில் மகள் நின்றாள்.

"வாப்பா, விடுங்க வாப்பா. கடையில வாங்கித் திண்டுக்கிறன். எனக்கு எந்தக் கோழியும் ஒண்டுதான்" என்றாள்.

அவள் நல்லதாக நினைத்துத்தான் சொன்னாள். எனக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது. "நீ உள்ள போய்ப் படு. பச்ச உடம்போட காத்துல நிக்கிறாய்" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். கோழியை மருதோன்றி மரத்தடியில் புதைத்தேன். அன்று முழுவதும் அவர் வாயில் ஒரு கவளம் போகவில்லை. கோழிகள் பக்கத்தில் வந்து கொத்தினால் காலை இழுத்துக்கொண்டார்.

பின்னேரம் பள்ளி மௌலவிக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "பொம்புள அறுத்தாலும் கூடும் உம்மா. நீங்களே அறுங்க" என்றார்.

"அவர் பிஸ்மி சொல்ல, நான் அறுத்தா?"

"அறுக்கிறவங்கதான் சொல்லணும். நீங்க சொல்லுங்க. அவர் சேந்து சொன்னா, சொல்லட்டுமே. அதுல என்ன இரிக்கி?" என்றார். அந்த மனிதருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். அவருக்காக இன்றும் துஆக் கேட்கிறேன்.

மறுநாள் காலை அடுத்த வளவுப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவளுடைய புருஷனும் குவைத்தில்தான். கோழியைப் பிடிக்கச் சொன்னேன். நான் கத்தியை எடுத்ததைப் பார்த்து அவள் கண் பெரிதானது.

"மதினி, என்ன செய்யப் போறீங்க?"

"கண்ண மூடிக்கிட்டுப் புடி. நான் சொல்ற வரைக்கும் உட்டுடாத."

அவரைக் கோழிக்கு நேரே இருத்தியிருந்தேன். "இஞ்ச பாருங்க, நீங்க சொல்லுங்க, நான் அறுக்கிறன். ரெண்டு பேருமாச் சேந்துதான் புள்ளைக்குக் குடுக்கிறம்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். நான் காத்திருந்தேன். வருமா வராதா என்று என் நெஞ்சு அடித்தது கோழிக்கே கேட்டிருக்கும். பிறகு சொன்னார், முழுதாக. நான் வாய்க்குள் அதையே சொல்லிக்கொண்டு இழுத்தேன்.

இறகு பிடுங்கியிருக்கிறேன், குடல் எடுத்திருக்கிறேன், ஆயிரம் கோழியைக் கழுவியிருக்கிறேன். ஆனால் உயிர் போவதைக் கையில் வாங்கியது அன்றைக்குத்தான். சூடான இரத்தம் மணிக்கட்டில் ஏறியது. கோழியை அவளிடமிருந்து வாங்கி, அவர் செய்வதுபோலத் துடிப்பு அடங்கும்வரை வைத்திருந்தேன். ஒரு நிமிஷம் கத்தி பிடித்தவருக்குப் பேர் என்று இத்தனை காலமும் சொல்லிக்காட்டிய வாயை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை. இந்தக் கனத்தை விடியற்காலையில் வாங்கிக்கொண்டு, கையைக் கழுவி, என்னிடம் வந்து பிளேன்டீ கேட்டிருக்கிறார் மனிதர்.

அன்று மகள் சோற்றோடு அந்தக் கறியைச் சாப்பிடுவதை அவர் வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "வாப்பா அறுத்தா டேஸ்ட்டுதான்" என்று மகள் சொன்னாள். அவள் ஜன்னலால் எல்லாம் பார்த்தவள்தான். அந்தப் பொய்க்காக அவளை அள்ளி முத்தமிட வேண்டும்போல இருந்தது.

நாற்பது நாளும் அப்படித்தான் போயிற்று. அதற்குள் செய்தி ஒழுங்கை முழுக்கப் பரவி, பெண்கள் பழையபடி கோழியோடு வரத் தொடங்கினார்கள். கத்தி என் கையில் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் படலையில் நின்று கேட்பது பழைய கேள்விதான். "காக்கா இரிக்காரா?" ஒருத்திகூட மாற்றிக் கேட்கவில்லை. மற்ற விஷயங்களில் வாயால் ஆளைப் பிளக்கிறவர்கள்தான், இதில் மட்டும் அவ்வளவு நாகரிகம். அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் அவர் இடது கையால் சாரனைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து இருப்பார். நான் கத்தியைத் தீட்டுவேன். மற்ற எந்தச் சொல்லும் அவருக்குத் திரும்பி வரவில்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவர் எங்கள் ஒழுங்கையில் ஒரு ஆளாக இருந்தார்.

பேரன் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தான். மருமகன் லீவில் வருகிறார் என்று வீடு அமளிப்பட்டது. அதற்கு முதல் கிழமை என் கணவருக்கு இரண்டாம் தரம் லேசாக ஒரு இழுப்பு வந்து, ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பியிருந்தார்கள். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. சாப்பாட்டுக்கு முன் சொல்கிற பிஸ்மியைக் காணவில்லை என்பதைக் கவனித்தேன். களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மருமகன் வருகிற அன்று காலை ஒரு செஞ்சேவல். அடுத்த வளவுப் பெண் பிடித்தாள். நான் அதன் தலையைச் சாய்த்துக் கத்தியை வைத்து அவரைப் பார்த்தேன்.

வரவில்லை. வாயைத் திறந்தார். உதடு கூடியது, பிரிந்தது. காற்றுத்தான் வந்தது. மறுபடி முயன்றார். நெற்றி நரம்பு புடைத்தது. சேவல் ஒரு அசைவும் இல்லாமல் இருந்தது, அதுவும் காத்திருந்தது போல.

"நீங்க சொல்லி அறுங்க மதினி. சேவல் பாவம்" என்றாள் அவள், மெதுவாக.

என்னால் முடியவில்லை. இத்தனை நாளும் வாய்க்குள் சொல்லிக்கொண்டுதான் அறுத்தேன், மார்க்கப்படி அது போதும். ஆனால் அவருக்கு முன்னால் வாய்விட்டு நான் சொன்னால், அவரிடம் மிஞ்சியிருந்த அந்த ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். "உட்டுடு. இண்டைக்கு மீன் ஆக்குவம்" என்றேன்.

அவர் இடது கையால் கதிரைக் கையை ஓங்கி அடித்தார். கிட்ட வா என்று கையைக் காட்டினார். கத்தியோடு போய்க் குனிந்தேன். தன் விரல்களை முதலில் தன் உதட்டில் வைத்தார். பிறகு அதே விரல்களை என் உதட்டில் வைத்தார். வைத்து, சேவலைக் காட்டினார்.

நான் திரும்பிப் போய், வாய்விட்டுச் சொல்லி, அறுத்தேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. துடிப்பு அடங்கும்வரை சேவலை வைத்துக்கொண்டு அவரைப் பார்க்காமல் நின்றேன். பார்த்தபோது அவர் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று கறி நன்றாகத்தான் வந்தது. மருமகன் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த நோன்புக்கு அவர் இல்லை.

கைம்பெண் இருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் நான் அறைக்குள் இருந்தேன். அறுக்க ஆளில்லாமல் கோழிகள் பெருகின. சேவல்கள் ஒன்றோடொன்று சண்டை பிடித்து வளவே இரத்தமானது. மகள் தீன் போட்டாள், நான் உள்ளே இருந்து அவற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுவதற்கு எனக்கு அந்தச் சத்தம் போதுமாக இருந்தது.

இத்தா முடிந்து வெளியே வந்த கிழமை, அடுத்த வளவுப் பெண் கக்கத்தில் ஒரு பெட்டையோடு படலையில் வந்து நின்றாள்.

"காக்கா இரி..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

"உள்ள வா" என்றேன். கோழிக்குத் தண்ணீர் காட்டினேன். கூட்டைச் சாத்தினேன். கத்தியைத் தொடைக்குப் பின்னால் மறைத்து எடுத்து வந்தேன். அவருடைய கதிரை அதே இடத்தில்தான் கிடந்தது, யாரும் எடுக்கவில்லை. அவள் செட்டையும் காலும் சேர்த்துப் பிடித்தாள். தலையைச் சாய்த்து, இறகை விலக்கி, கத்தியை வைத்தேன். வைத்தபடி நின்றேன்.

"என்ன மதினி, கத்தி மொட்டையா?" என்றாள்.

"இல்ல" என்றேன். "இறுக்கிப் புடி. கொஞ்சம் பொறு."

அவள் கதிரையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பிடியை இறுக்கிக்கொண்டு பொறுத்தாள்.